சிறுவர் இல்லத்துக்குச் சூரிய மின்சாரக் கொடை: கூரை யாருடையது?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவரின் ஊரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் மகனும் தங்கள் வீட்டிலேயே 18 பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் சிறுவர் இல்லம் ஒன்று உள்ளது. இல்லத்துக்கென அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டிருந்தாலும், வீடும் மின் இணைப்பும் ஆசிரியரின் பெயரிலேயே இருக்கின்றன. வாசகரும், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய அண்ணனும், மறைந்த தந்தையின் நினைவாக அங்கு 5 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் அமைப்பை நிறுவித் தர விரும்புகின்றனர். வாசகரின் சொந்த வீட்டு மாடியில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்தையே இல்லத்துக்குத் தர முடியுமா, சாதனங்களாகக் கொடுத்தால் பத்திரம் பதிய வேண்டுமா, வரிச்சலுகை கிடைக்குமா, அண்ணன் தம் பங்கை எவ்வாறு செலுத்துவது, நாளை இல்லம் மூடப்பட்டால் தகடுகள் யாரைச் சேரும் என்பன அவர் எழுப்பும் ஐயங்கள்.

பதில்: மின்சாரத்தைக் கொடுப்பதும் மின்சாரம் உண்டாக்கும் சாதனத்தைக் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் வேறுவேறானவை. வாசகரின் வீட்டு மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் நிகர அளவீட்டு முறையில், அதாவது மின் வாரியத்துக்குச் செலுத்திய அலகுகளை அதனிடமிருந்து பெற்ற அலகுகளில் கழித்துக் கணக்கிடும் முறையில், அவருடைய மின் இணைப்பின் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. அந்த வரவை அன்பின்பேரில் வேறொரு இணைப்புக்குத் தாமாக மாற்றிக் கொடுக்க அவரால் இயலாது. பக்கத்துக் கட்டடம்தானே என்று தம் வீட்டிலிருந்து தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தாலோ, அனுமதி பெற்ற இடம் தவிர்த்த வேறிடத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்துவதை அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கருதி இருமடங்கு கட்டணம் விதிக்க இடமளிக்கும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஆகவே இல்லத்தின் கூரையிலேயே, இல்லத்தின் இணைப்பிலேயே அமைப்பை நிறுவித் தருவதே சரியான வழி.

அதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறக்கட்டளை பதிவாகியிருப்பதும் சிறுவர் இல்லம் பதிவாகியிருப்பதும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர்; இரண்டும் வெவ்வேறு பதிவுகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம், சொத்தை எந்த நோக்கத்துக்காக எவர் நிர்வகிப்பார் என்பதை மட்டுமே சொல்கிறது. பெற்றோரின் ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிப்பதற்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 41ஆவது பிரிவின்கீழ் தனியாகப் பதிவுச் சான்று வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு பெறாமல் இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 42ஆவது பிரிவு வகை செய்கிறது. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் வெளியான செய்திக் கட்டுரையிலிருந்து எழுந்த பொதுநல வழக்கில்தான், நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களும் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட்டாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் ஆணையிட்டது. குடும்பத்தாரை ஐயுறுவதற்காக அன்று, பிள்ளைகள் ஒவ்வொருவரும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி அங்கே இருக்கின்றனர், அரசின் ஆய்வாளர்கள் அவர்களை வந்து பார்க்கின்றனர் என்பதற்கு அந்தச் சான்றே அடையாளம் என்பதற்காகத்தான் கொடையாளர் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தாலே விவரம் தெரிந்துவிடும். சான்று இல்லையெனில் தகடுகளுக்கான செலவை நிறுத்திவைத்து, இல்லத்தார் பதிவுக்கு விண்ணப்பிக்க உதவுவதே அப்பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய நன்மை.

அடுத்தது கூரை. குடும்பம் நடத்தும் சிறிய இல்லங்களில் மிகுதியும் கவனிக்கப்படாமல் விடப்படுவதும், பின்னாளில் வழக்காக முடிவதும் இதுவே. வீடு ஆசிரியருடையது, கொடை அறக்கட்டளைக்கு உரியது, தகடுகளின் பயன்பாட்டுக் காலமோ ஏறத்தாழ 25 ஆண்டுகள். இடையில் ஆசிரியர் காலமானால், இல்லத்தில் பங்கேற்காத மற்றொரு மகனோ மகளோ வாரிசாகப் பாகம் கேட்கும்போது, மாடியில் உள்ளவை வீட்டோடு சேர்ந்தவையே என்று வாதிட இடம் உண்டாகும். மாடியைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் கொடுக்கும் வாய்மொழி இசைவு இதற்குப் போதாது. அத்தகைய இசைவைச் சட்டம் உரிமம் என்கிறது. அதாவது, பிறர் இடத்தில் ஒன்றைச் செய்ய அனுமதி மட்டுமே, இடத்தின்மேல் எவ்விதப் பாத்தியமும் அன்று. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி, இடத்தின் உரிமையாளர் அதைக் கைமாற்றிவிட்டால், வாங்கியவர் அந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகார். குத்தகை அவ்வாறன்று, அது இடத்தின்மேலேயே ஓர் உரிமையை உண்டாக்குவதால் இடத்தைப் பின்னர் அடைவோரையும் கட்டுப்படுத்தும். எனவே ஆசிரியர், மாடியையும் மின்மானி அமையும் இடத்தையும் பெயரளவு வாடகையில் நெடுங்காலக் குத்தகையாக அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆவது பிரிவு. அக்குத்தகையில், அமைப்பு முழுவதும் அறக்கட்டளைக்கே சொந்தம், குத்தகை முடியும்போது கட்டடத்துக்குச் சேதமின்றிக் கழற்றி எடுத்துச்செல்லலாம் என்ற வாசகம் இடம்பெற வேண்டும். பிள்ளைகளுக்காக வீட்டையே திறந்துவிட்ட ஆசிரியரிடம் பத்திரம் கேட்பது நன்றிகெட்ட செயல்போலத் தோன்றலாம். ஆயினும் அவருக்குப் பின்னரும் அப்பிள்ளைகளுக்கு விளக்கு எரிவதற்கு அந்தப் பத்திரமே துணை என்பதை எடுத்துச் சொன்னால், அவரைப் போன்றவர்கள் முதல் ஆளாகக் கையெழுத்திடுவர்.

சாதனங்களாகக் கொடுப்பதாயின் தானப் பத்திரத்தைப் பதிய வேண்டியது கட்டாயமில்லை. அசையாச் சொத்தின் தானத்துக்கு இரு சாட்சிகளின் கையெழுத்தும் பதிவும் தேவை. அசையும் சொத்தையோ கையளிப்பதன் மூலமே தானம் செய்துவிடலாம் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆவது பிரிவு. இரும்புச் சட்டத்தில் திருகாணியால் பூட்டப்பட்டு, வேண்டும்போது கழற்றக்கூடிய தகடுகள் அசையும் சொத்தாகவே கொள்ளத்தக்கவை. கைபேசிக் கோபுரங்கள் குறித்த வரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை அசையும் பொருள்களாகக் கொண்டதும் இவ்வாறு பெயர்த்தெடுக்க இயலும் தன்மையை நோக்கியே. எனினும் இந்த வாசகருக்குச் சாதனமாகக் கொடுக்கும் வழி ஏற்றதன்று, காரணம் வரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்கீழ் கழிவு, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை, பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே உண்டு. பொருளாகக் கொடுத்தால் இல்லை. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் சேராது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வருவதால், அதன்பின் தரும் நன்கொடைக்குப் பிரிவு எண் மாறும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆகையால் அறக்கட்டளைக்கு 80ஜி ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ மின்பரிமாற்றமாகவோ பணம் செலுத்தி, அறக்கட்டளையே தன் பெயரில் விலைப்பட்டியல் பெற்று அமைப்பை வாங்குவதே முறை. பணம் செலுத்தியதற்கு 10பிஇ என்னும் படிவத்தில் சான்று பெற வேண்டும். கிடைக்கும் சலுகை பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று: இதர கழிவுகள் போக மிஞ்சும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு உட்பட்ட நன்கொடையில் பாதிதான் கழிவாகும். அவ்வாறு மிஞ்சும் வருமானம் 8 லட்சம் ரூபாயாக உள்ள ஒருவர் 2,50,000 ரூபாய் கொடுத்தாலும், 80,000 ரூபாயில் பாதியான 40,000 ரூபாயைத்தான் கழிக்க முடியும். அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே. எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பலாகாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் ஈடின்றிப் பெறும் பணம் பெறுபவரின் வருமானமாகவே கொள்ளப்படுவதால், கொடை அவருக்கு வரிச்சுமையாய் முடியும்.

இல்லம் மூடப்பட்டால் என்னவாகும் என்னும் ஐயத்துக்கு, பணம் செலுத்தும்போது எழுதும் நன்கொடைக் கடிதத்திலேயே தீர்வு காணலாம். இத்தொகை இன்ன திறனுள்ள சூரிய மின் அமைப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இல்லத்தின் பதிவு நீக்கப்பட்டாலோ இல்லம் மூடப்பட்டாலோ அமைப்பு மாவட்டத்தில் உள்ள பதிவு பெற்ற மற்றொரு சிறுவர் இல்லத்துக்குச் சேர வேண்டும் என்று எழுதி, அறங்காவலர்கள் அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றி, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். கொடுத்தவர் நினைத்தபோது திரும்பப் பெறலாம் என எழுதினால் அக்கொடை செல்லாது. அவருடைய விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வை நிபந்தனையாக வைக்க மட்டுமே சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆவது பிரிவு இடமளிக்கிறது. தகடுகள் கொடையாளரிடமே திரும்ப வேண்டும் என்பதைவிட வேறு பிள்ளைகளிடம் போய்ச்சேர வேண்டும் என்பதே, வரிக்கழிவு பெற்றவருக்குச் சிக்கலற்றதும் கொடையின் கருத்துக்கு உகந்ததும் ஆகும்.

அண்ணனின் பங்கில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்து வங்கி வழியே அனுப்பும் சேமிப்பு வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் குடியுரிமை மாறிவிட்டால், இங்கே பிறந்து வளர்ந்தவரே ஆனாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவர் வெளிநாட்டு மூலம் ஆகிறார். அவரிடம் பணம் பெற அறக்கட்டளை அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவுக்கு மூன்றாண்டு இயக்கமும், அந்த மூன்றாண்டுகளில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய்ச் செலவும் வேண்டும் என்பதால், சிறிய இல்லம் ஒன்றுக்குக் குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட பணிக்காகப் பெறும் முன்னனுமதியே எட்டக்கூடிய வழி. எவ்வழியாயினும் பணம் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வர வேண்டும். பணத்துக்குப் பதில் இன்வெர்ட்டரை வாங்கி அனுப்பினாலும் அதே சட்டம் பொருந்தும். தம்பியின் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுப்பது எளிதாகத் தெரிந்தாலும், அது இச்சட்டத்தைச் சுற்றிக் கடக்கும் முயற்சியாகவே கொள்ளப்படும். விசாரணை வந்தால் அதன் சுமையைத் தாங்கப்போவது சிங்கப்பூரில் இருப்பவர் அல்லர், அந்த இல்லம். முன்னனுமதி கிடைக்கும்வரை வாசகரின் பணத்தைக் கொண்டு 3 கிலோவாட்டுடன் தொடங்கி, பின்னர் விரிவாக்குவது தக்கது.

மின் இணைப்பை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிய பின்னரே சூரிய மின் அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்கள் தொழில்நுட்ப ஆய்வின்றி ஏற்கப்பட்டனவாகவே கொள்ளப்படும் என்பது, மின்நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டே, ஆசிரியரின் பெயரிலேயே வாங்கினால் என்ன என்று சிலர் அறிவுரை கூறக்கூடும். அந்த மானியம் குடியிருப்பு வீடுகளுக்கானது. அதை ஆசிரியர் பெயரில் பெற்றால், மாடியில் உள்ளவை அவருடைய சொந்தச் சொத்தாகி, மேலே சொன்ன பாதுகாப்பு அனைத்தும் வீணாகும். 5 கிலோவாட் அமைப்புக்கு நிழல் விழாத 500 சதுர அடி வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அலகு கிடைக்கும். மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, கம்பியில் வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது தானே நின்றுவிடும். இரவுப் படிப்புக்கு விளக்கு வேண்டும் என்பதே கொடையின் நோக்கமானால், மின்கலச் செலவையும் பின்னாளில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் இப்போதே பேசி, அதற்கென ஒரு வைப்புத் தொகையையும் சேர்த்துக் கொடுப்பது நலம்.

அமைப்பு இயங்கத் தொடங்கும் நாளில் தந்தையின் பெயர் பொறித்த பலகையை வைக்கத் தடையேதும் இல்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பத்திரிகைக்கோ சமூக ஊடகத்துக்கோ கொடுப்பது, அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்கீழ், 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். அண்ணனுக்கு அனுப்பப் படம் வேண்டுமானால் கூரையையும் தகடுகளையும் பலகையையும் எடுத்து அனுப்பலாம்.