பொதி செல்லும் வழியும் மீளும் வழியும்

மாத இறுதியிற் சம்பளக் கணக்கு முகிற் சேவையகத்திற் கிடக்க, அலுவலகத்தார் அதனை அணுகமாட்டாது தவிப்பதுண்டு. சேவையகத்தைக் குறைகூறுமுன் வழியை ஆராய்தல் வேண்டும். அம்முறையை ஈண்டு நோக்குவாம்.

வலையமைப்பின் முகவரிகளுள் ஒரு கூறே உபவலை. அதனின்று புறப்படும் தரவுப் பொதிக்கு வழிகாட்டுவது வழி அட்டவணை.

முதலில் முகவரிகளை நோக்குக. அலுவலக உபவலையும் முகில் உபவலையும் ஒரே முகவரிகளைக் கொள்ளுமாயின், அலுவலகக் கணினி சேய்மையிலுள்ளதை அயலதெனக் கருதும்; பொதி வெளியே செல்லாது.

அடுத்து, அட்டவணையை நோக்குக. 10.0.0.0/8 ஓர் இணைப்புக்கும் 10.20.0.0/16 வேறோர் இணைப்புக்கும் உரியனவாயின், 10.20.5.7 நோக்கிய பொதி பின்னதையே பற்றும். சாய்கோட்டின் பின்னுள்ள எண் பெரிதாகிய வழியே வெல்லும் என்பது விதி. அவ்விணைப்புத் தவறானதாயின் பொதி வழிதப்பும்.

மூன்றாவது, பலரும் மறப்பதாகிய மீள்வழி. சேவையகம் இருக்கும் உபவலையின் அட்டவணையில் அலுவலகத்துக்கு வழி இல்லையேல் மறுமொழி வாராது. அமேசான் முகிலிற் பாதுகாப்புக் குழு, அனுமதித்த வேண்டுகோளின் மறுமொழியைத் தானே விடும். உபவலையின் அணுகற் பட்டியலோ இரு திசைக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

மாணவர்காள்! ஒருகால் ஒன்றையே மாற்றிச் சோதியுங்கள். பல மாற்றின் பிழை எதுவெனத் தெரியாது. கடிதம் சேர்ந்தாற் போதாது. பதிலும் வருதல் வேண்டும்.