காய் துளைக்கும் புழுக்கள் இரண்டு

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் புழைக்கடையில் மாதுளையும் மாடித் தொட்டியில் கத்தரியும் வளர்ப்போர் பலர். 1920-களில் தியாகராய நகர் எழுமுன் மாம்பலம், ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமமே. ஊர் மாறினும் புழு மாறவில்லை. பெயின்பிரிட்ஜ் பிளெச்சர் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலிலேயே இவை இரண்டும் இடம்பெற்றுள்ளன. இரு செடிகளின் காய்களிலும் துளையைக் கண்டவர், ஒரே புழுவின் வேலையென்று கருதி ஒரே மருந்தைத் தெளிப்பதுண்டு. அது பணநஷ்டம், காயைத் தின்பவர்க்கும் தீங்கு.

கத்தரியைத் துளைப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அந்து, வெண்சிறகில் பழுப்புத் திட்டுக்கள் உடையது, சிறகை விரித்தால் ஓர் அங்குலத்துக்குட்பட்டது, இரவில் நடமாடுவது. இளஞ்சிவப்பான புழு முதலில் இளந்தண்டினுட் புகுந்து குடையும். வேரில் ஈரமிருந்தும் ஒரு நுனி மட்டும் வாடித் தொங்கினால் அதுவே அடையாளம். காய் பிடித்தபின் புல்லியினடியில் நுழைந்து, வந்த வழியை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். வெளியே தெரியும் பெரிய துளை, புழு வளர்ந்து வெளியேறிய வழி. அதைக் கண்டபின் அக்காய்க்கு மருந்து தெளிப்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதை ஒக்கும்.

மாதுளையைத் துளைப்பதோ பகலிற் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆண் நீல ஊதா மினுக்குடையது. பெண் பழுப்பு நிறம், முன்சிறகில் ஆரஞ்சுத் திட்டு. பூவிலும் பிஞ்சிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். கரும்பழுப்பான புழு உள்ளே விதைகளைத் தின்னும். துளைவாயில் எச்சம் வழிந்து துர்நாற்றம் வீசும். இதன் தந்திரமொன்று வியப்புக்குரியது. தான் குடியிருக்கும் காய் உதிராதபடி, வெளியே வந்து காயையும் காம்பையும் பட்டு நூலாற் பிணைத்துவிடும். கொய்யாவிலும் புளியிலும் இதற்கு வாசமுண்டு. ஆதலின் மாதுளையை மட்டும் பார்த்தாற் போதாது.

கத்தரியில் வாடிய நுனியைச் சிறிது கீழே வைத்துக் கிள்ளி, புழுத்த காய்களோடு சேர்த்து அழித்துவிட வேண்டும். குப்பையில் எறிந்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகி அந்தாய்த் திரும்பும். இனக்கவர்ச்சிப் பொறி ஆண் அந்துகளைப் பிடிக்கும். ஒருவர் மட்டும் வைத்தால் பயன் சொற்பம். கருவுற்ற பெண் அந்து அடுத்த வீட்டு மாடியிலிருந்து வந்துவிடும். தெருவார் சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்கி வைப்பதே உசிதம்.

அப்பொறி மாதுளைப் பூச்சியை ஈர்க்காது. மாதுளைக்கு உறையே காப்பு. பிஞ்சு எலுமிச்சையளவு ஆகுமுன் மெல்லிய துணிப்பையால் மூடிக் காம்பிற் கட்டுக. முன்னரே முட்டையிருப்பின் பை புழுவுக்கே காவலாகிவிடும். ஆதலின் கட்டுமுன் புல்லிப் பகுதியை நன்கு பார்த்துத் துடைத்தல் அவசியம்.