ஓவிய நாட்குறிப்பில் கலப்பு ஊடகம்

அன்றாடம் எழுதும் நாட்குறிப்பும் ஓவியப் பயிற்சி நோட்டும் ஒன்றானால் கிடைப்பது ஓவிய நாட்குறிப்பு. பென்சில், வாட்டர்கலர், அக்ரிலிக், கிரேயான், மை, ஒட்டிய காகிதம், துணி எனப் பல பொருள்கள் ஒரே பக்கத்தில் சேரும்போது அது கலப்பு ஊடகம் ஆகிறது. இந்த முறையைப் பழக நாட்குறிப்பைப்போல நல்ல இடம் வேறு இல்லை. சுவரில் மாட்டப்போகும் படத்தில் புதிதாக எதையும் செய்து பார்க்கக் கை தயங்கும். நோட்டில் ஒரு பக்கம் கெட்டால் அடுத்த பக்கம் காத்திருக்கிறது.

ஓவியத்தில் பிற பொருள்களைச் சேர்க்கும் இந்த வழக்கத்துக்கு முன்னோடிகள் உண்டு. 1912-இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓர் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டு ஜார்ஜ் பிராக், மரம்போல அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வெட்டிக் கரிக்கோட்டு ஓவியத்தில் சேர்த்தார். ஜெர்மனியில் கர்ட் ஷ்விட்டர்ஸ், தெருவில் கிடந்த டிக்கெட்டுகளையும் காகிதங்களையும் கொண்டு 1919 முதல் ‘மெர்ஸ்’ படங்களைச் செய்தார். நாட்குறிப்பு வடிவத்துக்கு ஓவியர் ஃப்ரீடா காலோ தம் இறுதிப் பத்தாண்டுகளில் எழுதியும் வரைந்தும் வந்த நோட்டு நல்ல சான்று; அது 1995-இல் நூலாக வந்தது. நைரோபியில் வளர்ந்த இளம் புகைப்படக்காரர் டான் எல்டன் 1993-இல் மொகதிஷுவில் கொல்லப்பட்டார். புகைப்படமும் வண்ணமும் எழுத்தும் அடர்ந்த அவருடைய நாட்குறிப்புப் பக்கங்கள் 1997-இல் நூலாயின.

நாட்குறிப்பில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களிலிருந்தே வருகின்றன: பக்கம் நனைகிறது, நோட்டு மூடப்படுகிறது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்தால் மற்ற நுட்பங்கள் தாமே விளங்கும்.

தாளும் அடிப்பூச்சும்

காகிதத்தின் நார்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. ஓரிடம் நனைந்து ஓரிடம் காய்ந்திருப்பதால் தாள் அலை அலையாக நெளிகிறது. ஜெராக்ஸ் எடுக்கும் 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாள் இதைத் தாங்காது. வாட்டர்கலருக்கான 300 ஜி.எஸ்.எம். தாள் நன்றாகத் தாங்கும். விலை கட்டுப்படியாகாவிட்டால் சாதாரண நோட்டின் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓரிரவு வைத்தால் ஓரளவு உறுதி வந்துவிடும். தொடங்கும்முன் நோட்டில் மூன்றில் ஒரு தாளைத் தையலருகே ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி எடுப்பது நல்லது. ஒட்டும் பொருள்களால் பக்கங்கள் தடித்தாலும் முதுகு பிளக்காது.

அடிப்பூச்சுக்குப் பயன்படுவது கெஸ்ஸோ. முன்பு சுண்ணப்பொடியையும் விலங்குப் பசையையும் கலந்து செய்தார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் கெஸ்ஸோ. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் வெள்ளைப் பூச்சு பூசித் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையும் இதே நோக்கம் கொண்டதுதான். கல்லும் தங்கத் தகடும் வண்ணமும் ஒரே பரப்பில் நிலைக்க அந்த அடித்தளமே காரணம். நாட்குறிப்பில் கெட்டியாக ஒரு பூச்சு பூசுவதைவிட, இடையில் காயவிட்டு மெல்லியதாக இரண்டு பூசுவது நல்லது. ஆனால் கெஸ்ஸோவின்மேல் வாட்டர்கலர் உள்ளே இறங்காது. ஈரத் தூரிகை பட்டால் கழன்று வரும். வண்ணம் தாளில் ஊறி நிற்க வேண்டிய இடத்தில் கெஸ்ஸோவைத் தவிர்க்க வேண்டும்.

எதன்மேல் எது

கலப்பு ஊடகத்தின் உயிர் வரிசையில் இருக்கிறது. நீரில் கரைபவை முதலில், அக்ரிலிக் அடுத்து, எண்ணெயும் மெழுகும் கடைசியில் என்பது பொது விதி. வாட்டர்கலர் காய்ந்த பிறகும் நீர் பட்டால் மீண்டும் கரையும். அக்ரிலிக் காய்ந்தால் கரையாது. எனவே அதன்மேல் எத்தனை அடுக்கும் ஏற்றலாம். ஆயில் பேஸ்டல்மேல் அக்ரிலிக் பூசினால் பிடிப்பின்றி உரிந்துவிடும்.

விதி தெரிந்தபின் அதை வேண்டுமென்றே மீறலாம். வெள்ளை மெழுகுக் கிரேயானால் கோடிழுத்து மேலே வாட்டர்கலரை ஓடவிட்டால், மெழுகு நீரைத் தள்ளி, கோடுகள் வெள்ளையாக எழும். இரண்டாம் உலகப் போரில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தவர்களைச் சிற்பி ஹென்றி மூர் இந்த முறையில்தான் வரைந்தார். மரப்பலகை, இலை போன்றவற்றின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுக்கும் முறையை ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தம் ஓவியங்களுக்குக் கையாண்டார். கிரேயானால் அப்படித் தடம் எடுத்து, அதன்மேலும் வாட்டர்கலர் ஓட்டிப் பார்க்கலாம்.

எழுத்தும் வரிசைக்குக் கட்டுப்பட்டதே. மெழுகின்மேல் எழுதினால் பேனா முனை அடைத்துக்கொள்ளும். சாதாரண ஜெல் பேனா மை ஈரத்தில் பரவக்கூடும். வண்ணம் பூசும்முன் எழுதுவதானால் நீரில் கரையாத மை தேவை.

ஒட்டுதல்

வெள்ளைப் பசையைத் தட்டைத் தூரிகையால் மெல்லப் பரப்பி, துண்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவினால் காற்றுக் குமிழி நிற்காது. மைதாப் பசை பூச்சிகளை இழுக்கும். இங்க்ஜெட் அச்சு ஈரத்தில் கரையக்கூடும். லேசர் அச்சு கரையாது. கடை ரசீது வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால் எழுத்து நாளடைவில் மங்கும், சூடு பட்டால் கறுக்கும். நினைவுக்காக வைக்க வேண்டிய ரசீதை நகலெடுத்து ஒட்டுவதே சரி. செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியாலும் காற்றாலும் பழுப்பேறும். அந்த மாற்றத்தை ஏற்கும் இடத்தில் மட்டும் அதைச் சேர்க்கலாம்.

மூடும்போது

அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும் தன்மையுடையது. எதிரெதிரே இரண்டு அக்ரிலிக் பக்கங்கள் அழுந்திக் கிடந்தால், தொட்டுப் பார்க்கையில் காய்ந்தவைகூட ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். வெயிலும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். ஒரு முழுநாள் திறந்து காயவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து மூடுவது எளிய காப்பு. ஆயில் பேஸ்டல் முழுமையாகக் காய்வதே இல்லை. அதற்கு எப்போதும் பட்டர் பேப்பர் வேண்டும்.

குறித்து வைத்தல்

ஒரு பக்கத்துக்கு மூன்று பொருள்களுக்குமேல் எடுக்காமலிருப்பது தொடக்கத்தில் மிகவும் உதவும். எது எதைத் தள்ளியது, எது எதில் கரைந்தது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பக்கத்தின் பின்புறம் தேதி, தாள், பொருள்கள், பூசிய வரிசை, காயவிட்ட நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். அழகாக அமைந்த பக்கத்தைக் குறிப்பின்றி மறுபடி செய்வது கடினம். கெட்ட பக்கம்கூடக் குறிப்போடு இருந்தால் பாடமாகிறது.

கெட்ட பக்கத்தைக் கிழிக்கவும் தேவையில்லை. மெழுகும் ஆயில் பேஸ்டலும் இல்லாத பக்கமானால், பிடித்த பகுதியை விட்டு மற்றதன்மேல் மெல்லிய கெஸ்ஸோ பூசி மீண்டும் தொடங்கலாம். அடியிலிருந்து லேசாகத் தெரியும் பழைய வண்ணமும் எழுத்தும், புதுத்தாளில் கிடைக்காத ஆழத்தைப் புதிய படத்துக்குக் கொடுக்கும்.