நாய்க்கு வெயில் மட்டும் போதாது

கைக்குழந்தையைக் காலை வெயிலில் சிறிது நேரம் வைத்திருக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. மனிதத் தோலில் வெயில் பட்டதும் விற்றமின் டி உண்டாகிறது என்பதைச் சுகாதார வகுப்புகளில் பலர் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் நாள் முழுவதும் முற்றத்தில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு அது தாராளமாகக் கிடைக்க வேண்டுமே என்று எவரும் எண்ணுவர். உண்மை வேறு. நெதர்லாந்தில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, நாயின் தோலிலும் பூனையின் தோலிலும் வெயிலால் போதிய விற்றமின் டி உண்டாவதில்லை என்று காட்டியது. வெயில் மாற்றியமைக்க வேண்டிய மூலப்பொருளை அவற்றின் தோலிலுள்ள நொதியம் முன்னரே வேறு பொருளாக்கிவிடுகிறது. ஆகவே நாய்க்கு இவ்விற்றமின் வாய் வழியாகவே வர வேண்டும். வேட்டையாடித் தின்ற காலத்தில் இரையின் ஈரலும் கொழுப்பும் அதைக் கொடுத்தன. நாம் வைக்கும் வெறுஞ்சோற்றில் அது இல்லை.

இந்த விற்றமின் கண்டறியப்பட்டதே நாய்க்குட்டிகளால்தான். எட்வேட் மெலன்பி என்னும் ஆங்கில மருத்துவர் இலண்டனில் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் வைத்து, தானிய உணவையே பெரும்பாலும் கொடுத்து வளர்த்தார். அவற்றின் கால்கள் வளைந்தன. றிக்கற்ஸ் என்னும் எலும்பு நோய் அது. கொட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு நோய் வரவில்லை. 1919இல் இதை வெளியிட்டபோது விற்றமின் ஏயே காரணம் என அவர் எண்ணினார். 1922இல் அமெரிக்காவில் மக்கொலம் என்பவர் அந்த எண்ணெயைச் சூடாக்கி ஒட்சிசன் செலுத்தி விற்றமின் ஏயை அழித்தார். அதன் பின்னும் எண்ணெய் எலும்பு நோயைத் தீர்த்தது. அதில் வேறொன்று இருக்கிறது என்று தெளிந்து, அதற்கு 'டி' எனப் பெயரிட்டனர்.

எலும்போடு இதன் வேலை முடிவதில்லை. உணவில் வந்த விற்றமினை முதலில் ஈரலும் பின்னர் சிறுநீரகமும் மாற்றி வேலைக்குரியதாக்குகின்றன. நோய்க்கிருமிகளோடு போராடும் வெண்குருதிக் கலங்களிலும் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. மனிதரில் அது கிருமி கொல்லும் ஒரு புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. எல்லை மீறிய அழற்சியையும் அடக்குகிறது. ஆனால் புரதம் சுரக்கத் தூண்டும் அந்த வழி மனிதரிலும் குரங்கினங்களிலும் காணப்படுவது, எலியில் இல்லை. மனிதருக்குச் சொன்னதை நாய்க்கும் அப்படியே சொல்லிவிடக் கூடாது.

நாய்களிலேயே செய்த ஆய்வுகளும் உண்டு. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் நாட்பட்ட குடல் நோயுள்ள நாய்களைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்டனர். இரத்தத்தில் விற்றமின் டி குறைந்திருந்த நாய்களில் அழற்சி கூடுதலாக இருந்தது. குறைபாட்டால் நோய் கடுமையானதா, நோயால் விற்றமின் குறைந்ததா? இது கொழுப்பில் கரையும் விற்றமின். கெட்ட குடல் கொழுப்பைச் சரிவர உறிஞ்சாது. எனவே இரண்டும் நடக்கலாம். விற்றமின் கொடுத்தால் எந்த நோயும் அண்டாது என்று மருந்து விற்போர் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

செய்யக்கூடியது எளிது. பத்துக் கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அலகு போதும். ஒரு முட்டை மஞ்சட்கருவில் சுமார் 40 அலகு உண்டு. சாளை போன்ற கொழுப்பு மீன் 100 கிராமில் இருநூறு அலகு வரை இருக்கலாம். காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கே முட்டை இல்லாத வீட்டில் அப்படிச் சொல்வது பாவம். மீன் வெட்டும்போது கழிக்கும் தலை, ஈரல் ஆகியவற்றை அவித்து, முள்ளை நீக்கிச் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். அவிப்பதால் விற்றமின் பெரும்பாலும் கெடாது. உப்புக் கருவாடு வேண்டாம். குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் முதலிடம் கொடுங்கள். குடற்புழு இருந்தால் நல்ல உணவும் வீணாகும். புழு மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். அந்தப் புழுக்களில் சில, வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் புகும்.

மனிதருக்குக் கொடுத்த விற்றமின் டி குளிசையை நாய்க்குப் போடாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் 50,000 அலகு இருக்கும். இவ்விற்றமின் மிகுந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். சில நாடுகளில் எலி மருந்தாகவே இதை விற்கிறார்கள். வாந்தி, உணவில் வெறுப்பு, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். 2019இல் அமெரிக்காவில் இவ்விற்றமின் அளவு மீறிய ரின் நாயுணவைக் கடைகளிலிருந்து மீளப்பெற வேண்டியதாயிற்று.

விசர்நாய் நோய்க்கு எந்த விற்றமினும் காவல் அல்ல. புதிய இடத்தில் குடியேறியதும் அங்குள்ள நாய்களோடு எமது நாய்கள் சண்டையிடுவது வழக்கம். ஆபத்து அங்கேதான் கூடுதல். கொழுத்த நாயானாலும் மெலிந்த நாயானாலும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். நாய் எவரையாவது கடித்தால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.