தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை: ஃபிரிஸ்கோ வீடுகளுக்குச் சில குறிப்புகள்

2000-இல் 34 ஆயிரம் பேர்கூட இல்லாத டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இங்கே வந்து குடியேறிய நம்மவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் வீடு வாங்கினோம். நல்ல பள்ளி கிடைத்தது. ஆனால் ஊரில் தானாகவே அமைந்துவிடும் அத்தை, சித்தப்பா, மாடி வீட்டு அக்கா, தனியாக ஏறிப் போக ஒரு டவுன் பஸ் எல்லாம் இங்கே இல்லை. உடம்பும் மனமும் மாறும் வயதில் பிள்ளைக்கு அதிகம் வேண்டியவை இவைதான். அந்தக் குறையையும் இங்கே வீடுதான் நிரப்ப வேண்டும்.

1. பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே நான்காம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். மாற்றம் இதற்கு முன்பே வந்தாலும், இந்த வயது கடந்தும் வராவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். டெக்சாஸில் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தந்தால்தான் பள்ளியின் பாலியல் கல்வி வகுப்பில் பிள்ளை உட்கார முடியும். அந்தப் படிவம் மின்னஞ்சலில் மற்றதோடு மற்றதாக வந்து கிடக்கும். தேடி எடுத்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடுங்கள்.

2. மகளின் பள்ளிப் பையில் ஒரு சின்னப் பை நிரந்தரமாக இருக்கட்டும். இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, ஒரு கறுப்பு லெக்கிங்ஸ், கறை பட்டதைப் போட ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஆகியவை போதும். வலி மாத்திரையை மட்டும் பையில் வைக்காதீர்கள். பெற்றோரின் எழுத்து அனுமதியோடு பள்ளிச் செவிலியரிடம் கொடுத்து வைப்பதே இங்குள்ள முறை.

3. மஞ்சள் நீராட்டு விழாவை மண்டபம் பிடித்துச் செய்யும் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மகளிடம் கேளுங்கள். தன் உடம்பில் நடந்ததை இருநூறு பேருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாட்டி வருத்தப்படுவார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

4. மகனிடம் அப்பா பேச வேண்டும். குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது ஆகியவற்றை முன்கூட்டியே அவன் தெரிந்துகொள்ளட்டும். பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பு லேசாக வீங்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே வற்றிவிடும். இது தெரியாமல் நீச்சல் வகுப்பை விட்டு நின்றுவிடும் பையன்கள் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தத் துன்பம் அவர்களுக்கு இருந்திருக்காது.

5. வியர்வை நாற்றத்தைப் பற்றி வகுப்புத் தோழன் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒரு டியோடரண்ட் பள்ளிப் பையில், ஒன்று வீட்டில். முகப்பரு இருந்தால் எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டாம். தலையில் வழிய வைக்கும் தேங்காய் எண்ணெய் இறங்கி நெற்றிப் பருவைக் கூட்டும். எண்ணெய் வைத்தே ஆக வேண்டுமென்றால் குளிக்கப் போகும் முன் வைத்துவிட்டு அலசிவிடலாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் அடாபலீன் களிம்பு இரவில் ஒரு பட்டாணி அளவு போதும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பென்சாயில் பெராக்சைடு கலந்த முகக் கழுவியை வாங்கினால் வெள்ளைத் துண்டையே பயன்படுத்துங்கள், வண்ணத் துண்டும் தலையணை உறையும் வெளுத்துவிடும்.

6. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். அது அழுக்கு அல்ல. அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்ற தோல் மாற்றம் அது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளமாகப் பெரும்பாலும் வருகிறது. டெக்சாஸின் பல வட்டாரங்களில் பள்ளிச் செவிலியர்களே இதைப் பார்த்துக் கடிதம் அனுப்புவார்கள். நீரிழிவு நம் குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அந்தக் கடிதம் வந்தால் குழந்தை மருத்துவரிடம் சர்க்கரைப் பரிசோதனை கேளுங்கள். மகளுக்கு அதோடு மாதவிடாயும் மாதக்கணக்கில் தள்ளிப் போனால், முகத்தில் முடி வளர்ந்தால், அதையும் சொல்ல மறக்க வேண்டாம்.

7. 14 முதல் 18 வயதில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும், பையனுக்கு 11. சுண்ணாம்புச் சத்து இருவருக்கும் 1,300 மில்லிகிராம். ஒரு கப் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 300தான். காலையில் சீரியல், மதியம் பீட்சா, இரவில் தோசை என்று போகும் வீட்டில் இந்தக் கணக்கு நிறையாது. இந்திய மளிகைக் கடையில் உறைந்த முருங்கைக் கீரை கிடைக்கிறது, அடை மாவில் கலந்துவிடலாம். ராகியும் தயிரும் சுண்ணாம்புச் சத்துக்கு. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். முழுச் சைவ வீடு என்றால் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கேற்றத்துக்காக மாதக்கணக்கில் தினமும் ஆடும் பெண் அடிக்கடி சோர்ந்து உட்கார்ந்தால் "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளி விட்டு வரும் பசிக்குப் பொரித்த சமோசாவுக்குப் பதில் அவித்த முட்டை, வேர்க்கடலை, முந்தின நாள் சுண்டல் ஆகியவை கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

8. செருப்பும் ஷூவும் கூடுதலாக வாங்கி அடுக்க வேண்டாம். உயரம் கூடும் முன் பாதம் நீளும், நான்கே மாதத்தில் அளவு மாறிவிடும். விளையாடும் பிள்ளை முட்டிக்குக் கீழே எலும்பு முகட்டில் வலி என்றால் நடிப்பு என்று எண்ண வேண்டாம். வளரும் எலும்பில் அப்படி வலி வருவதுண்டு.

9. இந்த வயதுக்குத் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு பதின்ம வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் உண்மையைத்தான் சொல்கிறது. 2025-26 கல்வியாண்டிலிருந்து டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் கைபேசிக்குத் தடை வந்துவிட்டதால், பாக்கி வைத்த அரட்டை முழுவதும் இரவுக்கு வந்து சேர்கிறது. எல்லாக் கைபேசிகளும் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பு ஏதாவது இருந்தால் அதை நிறுத்துவதைப் பற்றி யோசியுங்கள்.

10. "என்னடி இப்படி குண்டாயிட்ட?", "வெயில்ல ஆடி ஆடி கருத்துட்டான்." ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பாசத்தோடு வரும் பேச்சு இது. கேட்கும் பிள்ளை அடுத்த வேளை சாப்பாட்டைக் குறைக்கிறது. பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "அம்மா, உடம்பு, நிறம் பத்தி மட்டும் அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க." பிள்ளையின் எதிரில் ஒருவர் சொல்லிவிட்டால், பிள்ளையின் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள். பெற்றோர் தன் பக்கம் நின்றதை அந்தப் பிள்ளை மறக்காது.

11. ஃபிரிஸ்கோ டல்லாஸ் பகுதியின் டார்ட் பேருந்து அமைப்பில் சேரவில்லை. ஓட்டுநர் உரிமம் கிடைக்கும்வரை பிள்ளை எங்கே போனாலும் நம் காரில்தான் போக வேண்டும். தானாக ஓர் இடத்துக்குப் போய் வந்த அனுபவமே இல்லாமல் 16 வயது ஆகிவிடுகிறது. நூலகத்தில் மூன்று மணி நேரம் தனியே விட்டுவிட்டு வாருங்கள். 2023-இல் திறந்த புதுக் கட்டடத்தில் பொழுது போவதே தெரியாது. தன் முடிவெட்டுக்குத் தானே நேரம் கேட்டு வாங்கட்டும், கடையில் தானே பேசிப் பொருளை மாற்றி வரட்டும்.

12. டெக்சாஸில் 15 வயதில் பழகுநர் உரிமம், அதை ஆறு மாதம் வைத்திருந்த பின் 16-இல் தற்காலிக உரிமம். பெற்றோரே கற்றுக்கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. வகுப்புக்கு வெளியே 30 மணி நேரம் உங்களோடு ஓட்டிப் பழக வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். இந்த 30 மணி நேரத்தை நான் பெரிய பேறாகவே நினைக்கிறேன், பதின்ம வயதுப் பிள்ளை உங்கள் அருகில் அவ்வளவு நேரம் உட்காரும் வாய்ப்பு வேறு எங்கும் அமையாது. கத்தாமல் சொல்லிக்கொடுங்கள். புதிதாக உரிமம் வாங்கிய 18 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை வேலை, பள்ளி நிகழ்ச்சி, அவசரம் போன்ற காரணமில்லாமல் ஓட்டக் கூடாது. குடும்பத்தார் அல்லாத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவருக்கு மேல் காரில் ஏற்றவும் கூடாது. "எங்க வீட்டு ரூல்" என்று சொல்லாமல் "சட்டம்" என்று சொல்லுங்கள், நண்பர்களிடம் மறுக்க அவர்களுக்கும் வசதி.

13. இலையுதிர் காலத்தில் பள்ளியின் ஹோம்கமிங் விழா வரும். செயற்கைச் செவ்வந்தியில் ரிப்பனும் மணியும் தொங்கவிட்ட "மம்" அணிவது டெக்சாஸில் பெயர்பெற்ற வழக்கம். கடையில் சொல்லிச் செய்தால் விலை அதிகம். கைவினைக் கடையில் பூவும் பள்ளி நிற ரிப்பனும் சூடான பசைத் துப்பாக்கியும் வாங்கி, மகளின் தோழிகளை வீட்டுக்கு வரவழைத்து, எல்லோரும் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். தோழிகள் யார் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நடனத்துக்கு ஒரு பையன் அட்டை பிடித்து அழைத்தான் என்பதற்காக வீட்டில் விசாரணை வேண்டாம். யார், எந்தக் காரில், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்ற மூன்று கேள்வி போதும்.

14. இனி ரேங்க். ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் உயர்நிலைப் பள்ளிகளை ஏறக்குறைய 2,100 மாணவருக்குள் வைத்திருக்க முயல்கிறது. அப்படியானால் ஓர் ஆண்டு வகுப்பில் மொத்தம் 500 சொச்சம் பேர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தானாகச் சேர்க்கை தரும் வரம்பு 2026 இலையுதிர் பருவத்திலிருந்து முதல் 5 சதவீதம். அதாவது 25 பேர் அளவுக்குத்தான் இடம். ஏபி பாடத்துக்கு 6.0 என்ற கணக்கில் ஜிபிஏ ஓடும் பள்ளியில், பிள்ளைகள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிவார்கள். நாம் சாப்பாட்டு மேசையிலும் அதையே கேட்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கொண்டுவந்து ஒப்பிடுவது இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறிய பள்ளியால் வேறொரு நன்மை உண்டு: அணியிலும் இசைக்குழுவிலும் நாடகத்திலும் அதிகம் பேருக்கு இடம் கிடைக்கும். மகன் அதில் ஒன்றை விரும்பிக் கேட்டால் தடுக்காதீர்கள்.

15. எச்-4 விசாவில் வளரும் பிள்ளையிடம் நிலைமையை 15 வயதிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேலை பார்த்துச் சம்பளம் வாங்க முடியாது. மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. 21 நிறையும்போது அந்த விசா முடியும், கிரீன் கார்டு வரிசையிலும் பெரும்பாலும் இடம் போய்விடும். நண்பர்களெல்லாம் கோடையில் வேலைக்குப் போக, தான் மட்டும் ஏன் போக முடியவில்லை என்பது அவமானமாக அவர்கள் மனதில் தங்கிவிடக் கூடாது. சம்பளமில்லாத தன்னார்வப் பணி அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

16. "நம்ம பிள்ளைங்க அதெல்லாம் தொட மாட்டாங்க" என்று இருந்துவிடாதீர்கள். 2022-23-இல் அருகிலுள்ள கேரல்டனில் ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளால் பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். தலைவலிக்கோ, தேர்வுக்கு முன் விழித்திருக்கவோ, நண்பன் கொடுத்தாலும் மாத்திரை வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் போதை மருந்தின் விளைவை முறிக்கும் நார்கான் மூக்குத் தெளிப்பு 2023 முதல் சீட்டில்லாமல் கடையில் கிடைக்கிறது, ஒன்று முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும்.

17. ஆண்டுப் பரிசோதனையில் மருத்துவர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் தயங்காமல் எழுந்து போங்கள், பிள்ளை அவரிடம் தனியே பேசட்டும். எச்பிவி தடுப்பூசியை எத்தனை முறை போட வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். பையன்களுக்கும் உண்டு.

18. நம்பிக்கையான இரண்டு மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "என் பொண்ணு எங்கிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்லலாம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எங்கிட்ட சொல்லுங்க." தமிழ்ச் சங்க விழாவிலும் கோயில் வளாகத்திலும் பழகிய முகங்களிலிருந்தே இப்படி ஒரு அத்தையைத் தேர்ந்தெடுக்கலாம். யார் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

19. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை நண்பர்களையும் பிடித்த வேலையையும் விட்டு ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், தனக்குப் பிரியமான பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், "வயசுக் கோளாறு" என்று தள்ளிப் போடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. 988 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. இன்றைக்கே அந்த எண்ணைப் பிள்ளையின் கைபேசியில் பதிந்துகொடுங்கள், உங்கள் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.