பதநீருக்குத் துணை எது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஆனி மாதத்தில் தென்காசிப் பக்கம் பதநீர்ப் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் அந்தக் கொஞ்ச நாளில் இங்கே வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது. வெயில் ஏற ஏற அந்தக் காவலும் தளர்ந்துவிடும். வாங்கியதும் முதலில் மோந்து பாருங்கள். புளிவாடை அடித்தால் வேண்டாம். பால்போல வெளுத்து, நாக்கு காந்தினால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். தெளியவிட்டு, அடிமண்டியை விட்டுவிட்டுக் குடியுங்கள்.

துணைக்கு இளநுங்கைத் தோண்டிப் போடுவார்கள். மாங்காயைக் கீறிப் போட்டுக் குடிப்பதும் உண்டு. என் ஓட்டு மாங்காய்க்குத்தான். பதநீரின் திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு கட்டு கட்டிவிட்டு அதன்மேல் பதநீரை ஊற்றாதீர்கள். வயிறு மந்தமாகி, அன்றைக்கு அருவிப் பக்கமே போக முடியாது.

குளித்து நடுங்கி வரும்போது கேட்க வேண்டியது கருப்பட்டிக் காப்பி. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டது, கூடவே காரமான பருப்பு வடை. ஊருக்குக் கருப்பட்டி வாங்கிப்போனால் உளுந்தங்களி கிண்டுங்கள். நடுவில் குழித்து நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். வாங்குமுன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிபோலப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சாரல் காற்றில் கருப்பட்டி கசிவது குற்றமில்லை, அதன் இயல்பே அதுதான். பாலித்தீன் பையில் மூடாமல் ஓலைப்பெட்டியில் வையுங்கள்.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில், பதநீராக வேண்டிய சாறு கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கப்பக் கிழங்கும் மீன்கறியும் துணைக்கு வைத்துக் கள்ளுக்கடையில் சட்டப்படியே விற்கிறார்கள். அங்கே பெரும்பாலும் தென்னங்கள். மலைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பதநீரைப் பிளாஸ்டிக் தம்ளரில் நீட்டினால் வாங்காதீர்கள். ஓலைப் பட்டையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். பாதி ருசி அந்த ஓலை வாசத்தில்தான் இருக்கிறது.