சந்தா கேளாமல் எழுத்தால் வருவாய்

வாசகரிடம் மாதச் சந்தா கேட்கக் கூச்சமுற்று, எழுதியதையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே வழங்கிவரும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை அன்பர்கள் கவனத்துக்கு:

1. காலணியும் கைப்பையும் செய்யும் சிறு நிறுவனங்களை அணுகி, அவற்றின் இணையக் கடைக்குப் பொருள் விவரணம் எழுதித் தாருங்கள். என் அபிப்பிராயத்தில் இதுவே நிச்சயமான வழி. மேல்தோல் ஆட்டினதா மாட்டினதா, பதனிட்டது குரோமியத்தாலா தாவரச் சாற்றாலா, உள்தோல் எது, அடிப்பாகம் தைத்ததா ஒட்டியதா என்பவற்றைப் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தே எழுதுங்கள். தொட்டுப் பார்க்க இயலாத வாடிக்கையாளர் அந்த நான்கு வரிகளை நம்பியே பணம் செலுத்துகிறார்.

2. ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கெனில், சோதனை அறிக்கையைக் காணாமல் உத்தரவாதம் எழுதாதீர்கள். சருமத்தில் படும் தோலில் ‘குரோமியம் 6’ கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

3. பழைய கட்டுரைகளைத் தொகுத்து அமேசான் கிண்டிலில் நூலாக்குங்கள். வெளியிடக் கட்டணமில்லை, விற்பனையில் 35 அல்லது 70 சதவீதம் உரிமைத்தொகை கிடைக்கும்.

4. விளம்பர வருவாயைப் பிரதானமாக நம்பாதீர்கள். கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்பினும், 100 டாலர் சேர்ந்தாலன்றிப் பணம் அனுப்புவதில்லை.

5. காசு பெற்று எழுதியதை விளம்பரமென்றே குறிப்பிடுங்கள். வாசகரின் விசுவாசம் போனால் வாடிக்கையும் போகும்.

6. எழுதுமுன் ஊதியம் பேசி, பாதியை முன்பணமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுமதித் தொழிலில் சரக்குப் போய்ப் பணம் திரும்ப மாதக்கணக்காகும்.